பதினான்காம் பக்கத்து நாற்காலி

காலை எட்டேகாலுக்குப் பேருந்தில் உட்கார இடம் கிடைத்ததும், சும்மா இருக்காமல் கைப்பேசியைத் திறந்தேன். கூட்டத்துக்கு வருகிறவர்களின் பட்டியலை எங்கள் இயக்குநர் அப்போதுதான் அனுப்பியிருந்தார். பதினேழாவது வரியில், நான் பேட்டி எடுத்த ஒரு பெண் வேலை செய்யும் ரத்தப் பரிசோதனை லேப்பின் நிர்வாகி இருந்தார்.

நான் ஓர் ஆய்வு மையத்தில் பேட்டி எடுப்பவள். இருபது முஸ்லிம் பெண்கள், எல்லோரும் முப்பது வயதுக்குள். வேலை கேட்டுப் போன இடத்தில், வேலை செய்யும் இடத்தில், வாடகைக்கு வீடு பார்க்கப் போன இடத்தில் மதத்தைக் காரணம் காட்டி என்ன நடந்தது என்று ஒவ்வொருத்தியையும் உட்கார வைத்துக் கேட்டு, பதிவு செய்து, எழுதி, அறிக்கையாக்கியிருந்தேன். ஒன்றரை வருட வேலை. அன்று பத்து மணிக்கு வெளியீடு. வேலை கொடுக்கிறவர்களையே கூப்பிட்டு அவர்கள் கையிலேயே கொடுப்போம் என்பது இயக்குநரின் யோசனை. நல்ல யோசனைதான், நான் பதினான்காம் பக்கத்தை அப்படி எழுதாமல் இருந்திருந்தால்.

அந்தப் பக்கத்தில் இருப்பவள் ஊசிக்காரி. ரத்தப் பரிசோதனைக்கு வருகிறவர்கள் வைத்த பெயர் அது. நரம்பே தெரியாத கையிலும் ஒரே குத்தில் எடுத்துவிடுவாளாம். "அந்த ஊசிக்காரப் பொண்ணு இருக்கா?" என்று கேட்டுக்கொண்டு வருவார்களாம். இதைச் சொல்லும்போது அவளுக்கு வந்த பெருமையைப் பார்க்க வேண்டுமே. சாப்பாட்டு இடைவேளையில் ஒரு பூங்கா பெஞ்சில் வைத்துத்தான் அவளைப் பேட்டி எடுத்தேன். பதிவுக் கருவியை வைத்ததுமே அவள் என்னைக் கேட்டாள்.

"அக்கா, நீங்களும் நம்மாளுதானே?"

"ஆமா."

"அப்ப தலையில ஒண்ணையும் காணோம்?"

"கேள்வி கேக்குறது என் வேலைம்மா," என்று சமாளித்தேன். அவள் சிரித்தாள். விட்டுவிட்டாள்.

ஆறு இடத்தில் அவளை நேரில் பார்த்ததும் 'போன் பண்றோம்' என்று அனுப்பியிருக்கிறார்கள். ஏழாவது இடம் இந்த லேப். சேர்ந்த இரண்டாம் மாதம் ஒருவர் அவள் முன்னால் கையை நீட்டினார், அவள் முக்காட்டைப் பார்த்தார், கையை இழுத்துக்கொண்டார். வேறு யாரையாவது வரச் சொல்லுங்கள் என்றார். நிர்வாகி அவரிடமும் எதுவும் சொல்லவில்லை, இவளிடமும் எதுவும் சொல்லவில்லை.

"யாரும் என்னைத் திட்டலக்கா. ஹிஜாபைக் கழட்டுன்னு சொல்லல. மறுநாள் போனா என் நாற்காலி ஓரமா இருந்துச்சு. அடுத்த வாரம் தூணுக்குப் பின்னாடி இருந்துச்சு. அதுக்கப்புறம் உள் ரூமுக்குப் போயிடுச்சு. நாற்காலியைத்தான் நகர்த்தினாங்க. நான் அது பின்னாடியே போனேன்."

இப்போது உள் அறையில் கண்ணாடிக் குழாய்களுக்குப் பெயர் ஒட்டிக்கொண்டிருக்கிறாள். மனிதர்களின் கை அவள் பக்கம் வருவதில்லை. "அதுலயும் பாருங்க, அந்த நாற்காலிக்கு ஒரு கால் ஆடும். அதையாவது மாத்திக் குடுத்திருக்கலாம்," என்றாள்.

பேட்டி கொடுத்தவர்களை யாரும் கண்டுபிடிக்க முடியாதபடி மாற்றி எழுதுவது எங்கள் தொழிலின் முதல் விதி. பெயரை எடுக்க வேண்டும், வயதை ஒன்றிரண்டு கூட்டிக் குறைக்க வேண்டும், வேலையை மாற்ற வேண்டும். ஊசிக்காரியை அறிக்கையில் பயணச்சீட்டு போடும் டிராவல்ஸ் அலுவலகத்தில் உட்கார வைத்தேன். வயதில் இரண்டைக் கூட்டினேன். ஆனால் அந்த நாற்காலியையும் தூணையும் தொட மனசு வரவில்லை. அவளுக்காக இல்லை. நான் பதிவு செய்த அத்தனையிலும் அழகாக இருந்த வரிகள் அவை, என் அறிக்கையில் இருக்க வேண்டும் என்று ஆசைப்பட்டேன். போதாக்குறைக்குக் கட்டம் கட்டி, பெரிய எழுத்தில் வேறு போட்டேன்.

தன் கையாலேயே மூன்று முறை நகர்த்திய நாற்காலியை அந்த நிர்வாகி அம்மாவுக்குத் தெரியாமல் போகுமா? ஊசிக்காரிக்கு இன்னும் வேலை நிரந்தரமாகவில்லை. வெள்ளிக்கிழமை கடிதம் தருவதாகச் சொல்லியிருக்கிறார்கள். அன்று புதன்கிழமை.

பேருந்திலிருந்தே இயக்குநரைக் கூப்பிட்டேன்.

"மேடம், பதினாலாம் பக்கத்தை எடுத்தாகணும்."

"அச்சாகி வந்து மேசையில அடுக்கியாச்சும்மா."

"அந்த லேப் அம்மாவைக் கூப்பிட்டிருக்கீங்களே."

"நானா தேடிப் போகல. அவங்களே வரேன்னாங்க. நீ முதல்ல வந்து சேரு."

பக்கத்தில் இருந்தவர் என்னையே பார்த்தார். நான் எழுந்து நின்றுகொண்டேன். நின்றால் பேருந்து வேகமாகப் போகும் என்பதுபோல.

மண்டபத்தில் ஆளில்லை. மேசையில் அறுபது பிரதிகள். காலில் வெந்நீரைக் கொட்டிக்கொண்டவள்போல் அலுவலகத்துக்கும் மண்டபத்துக்குமாக ஓடி, காகிதம் வெட்டும் கத்தியைக் கண்டுபிடித்து, ஒவ்வொரு பிரதியாகத் திறந்து அந்தத் தாளை வெட்ட ஆரம்பித்தேன். தாளின் முன்பக்கம் பதிமூன்றாம் பக்கம். அதில் ஒரு தையல் ஆசிரியை, பெயரைக் கேட்டதும் பதினோரு வீட்டுக்காரர்கள் கதவைச் சாத்திய கதையைச் சொல்லியிருந்தாள். பாவம், அவளும் சேர்ந்து போனாள். முப்பது முடிப்பதற்குள் இயக்குநர் வந்துவிட்டார்.

"என்ன பண்ற நீ?"

"வெட்டுறேன்."

"கண் இருக்கு, தெரியுது. அந்தப் பொண்ணு சம்மதிச்சுக் கையெழுத்து போட்டிருக்கால்ல?"

"யாருக்கும் தெரியாம எழுதுவேன்னு சொன்னேன் மேடம். என்னை நம்பித்தான் போட்டா."

அவர் கெட்டவர் இல்லை. கொஞ்ச நேரம் இடுப்பில் கைவைத்து நின்றார். பிறகு, "ஆளுங்க வந்துட்டாங்க, கத்தியை உள்ள வை. அந்தம்மாவுக்கு மட்டும் வெட்டினதுல ஒண்ணைக் குடுத்துடு," என்றார். அது எனக்குத் தோன்றவே இல்லை பாருங்கள். அவசரத்தில் மூளை வேலை செய்வதில்லை.

வெளி வராந்தாவுக்குப் போய் ஊசிக்காரியைக் கூப்பிட்டேன். சொல்லாமல் இருப்பது இன்னும் பெரிய துரோகம் என்று பட்டது. எல்லாவற்றையும் ஒரே மூச்சில் சொல்லி முடித்தேன்.

"வெள்ளிக்கிழமை லெட்டர் அக்கா," என்றாள்.

"தெரியும்மா."

"வீட்ல அப்பாகிட்ட சொல்லிட்டேன். அவரு தெருவுக்கே சொல்லிட்டாரு."

"அவங்க கைக்கு அந்தப் பக்கம் போகாம பாத்துக்கறேன்."

"எல்லாத்தையும் மாத்துவேன்னு சொன்னீங்களே. அதை ஏன் விட்டீங்க?"

பொய் சொல்ல நினைத்தேன். வரவில்லை. "நீ சொன்னது அழகா இருந்துச்சு," என்றேன். அவள் போனை வைத்துவிட்டாள்.

நிர்வாகி பத்து நிமிடம் முன்னதாகவே வந்தார். கஞ்சி போட்ட பருத்திப் புடவை, கைப்பையில் மூன்று பேனா, நல்ல சிரிப்பு. வெட்டிய பிரதியை இரண்டு கையாலும் நீட்டினேன். லேப் நடத்துகிறவர், எதையும் சரிபார்க்காமல் வாங்குவாரா? நின்ற இடத்திலேயே பக்கங்களைப் படபடவென்று தள்ளினார்.

"இதுல ஒரு தாள் இல்லையே. பன்னண்டுக்கு அப்புறம் பதினஞ்சு வருது."

"பைண்டிங்ல ஏதோ… உள்ள நல்லதா இருக்கு, நான் எடுத்துட்டு வரேன்."

"உங்களுக்கு ஏன்மா சிரமம்," என்று அவரே மேசைக்குப் போய், அடுக்கின் அடியிலிருந்து ஒன்றை உருவி, பக்கம் எண்ணிப் பார்த்து எடுத்துக்கொண்டார். அடியில் இருந்தவை எல்லாம் நான் வெட்டாதவை. அடுக்கை அப்படி வைத்தவளும் நான்தான்.

கூட்டம் தொடங்கியது. யார் என்ன பேசினார்கள் என்று கேட்டால் எனக்குத் தெரியாது. மூன்று வரிசை பின்னால் உட்கார்ந்து அவர் விரலையே பார்த்துக்கொண்டிருந்தேன். ஆறாம் பக்கம். ஒன்பதாம் பக்கம். ஒரு பேச்சாளர் தண்ணீர் குடித்தார். பதிமூன்று. தாளைத் திருப்பினார். விரல் நின்றது. கட்டத்துக்குள் இருந்ததைப் படித்தார், மறுபடியும் மேலிருந்து படித்தார், கைப்பையைத் திறந்து பேனா எடுத்து அடியில் கோடு போட்டார். இன்று சாயங்காலமே ஊசிக்காரியைக் கூப்பிட்டு நாளையிலிருந்து வர வேண்டாம் என்று சொல்லப்போகிறார், எட்டாவது இடம் அவளை எடுக்காது என்று மனசு ஓடிக்கொண்டே இருந்தது.

கருத்துச் சொல்ல விரும்புகிறவர்கள் சொல்லலாம் என்று இயக்குநர் அறிவித்ததும் முதல் கை அவருடையது. எழுந்து நின்றார்.

"பதினாலாம் பக்கத்துல ஒரு பொண்ணு சொல்லியிருக்கு. படிச்சதும் மனசு கஷ்டமாப் போச்சுங்க. ஒரு பொண்ணை நாற்காலியோட சேத்துக் கொஞ்சம் கொஞ்சமாப் பின்னாடி தள்றதா? அதைவிட வாயால சொல்லி அனுப்பிடலாம். இந்த டிராவல்ஸ்காரங்களுக்கு மனசாட்சி வேணும். எங்க லேப்லயும் அவங்க ஆள்ல ஒரு பொண்ணு இருக்கு. எங்க வீட்டுப் பொண்ணு மாதிரி. நரம்பு பிடிக்கிறதுல அவளை அடிச்சுக்க ஆளில்ல. வர்றவங்க யாராவது மனசு நோகப் பேசிடப் போறாங்களேன்னு அவளுக்குன்னே உள்ள ஒரு ரூம் ஒதுக்கிக் குடுத்திருக்கோம். எந்தத் தொந்தரவும் இல்லாம நிம்மதியா இருக்கா. இப்படியும் நடத்தலாங்கறதுக்காகச் சொல்றேன்."

எல்லோரும் கைதட்டினார்கள். இயக்குநர் என்னைப் பார்த்துக்கொண்டே தட்டினார். தப்பித்தோம் என்றுதான் முதலில் தோன்றியது. ஒரு நிமிடம்கூட அது நிற்கவில்லை. அப்புறம் வந்தது ஆத்திரம். எழுந்து, அம்மா, அந்தத் தூண் உங்கள் தூண், அந்த நாற்காலியின் ஒரு கால் ஆடும் என்று கத்த வேண்டும்போல் இருந்தது. கத்தினால் வெள்ளிக்கிழமை கடிதம் வராது. கையில் இருந்த நிகழ்ச்சி நிரலைச் சுக்குநூறாகக் கிழித்துக்கொண்டு உட்கார்ந்திருந்தேன்.

தேநீர் நேரத்தில் அவர் என்னைத் தேடி வந்தார். என் வெறும் தலையைப் பார்த்து என்னை வேறு யாராகவோ நினைத்திருக்க வேண்டும், அவ்வளவு தாராளமாகப் பேசினார்.

"நல்லா எழுதியிருக்கம்மா. அந்தப் பதினாலாம் பக்கத்துப் பொண்ணு இப்ப எங்க இருக்கா?"

"அதே இடத்துலதான்."

"ஐயோ பாவம். என்கிட்ட அனுப்பு. நான் வேலை போட்டுத் தரேன்."

"சொல்றேன்," என்றேன். இந்த வேலைக்கு வரும்போது என்னை யாரும் முக்காட்டை எடுக்கச் சொல்லவில்லை. நேர்காணலுக்கு முதல் நாள் நானே எடுத்து மடித்து வைத்துவிட்டேன். யாரும் என் நாற்காலியை நகர்த்த வேண்டிய அவசியம் வரவில்லை. பூங்கா பெஞ்சில் அவள் கேட்டதற்கு இதைத்தான் நான் பதிலாகச் சொல்லியிருக்க வேண்டும். வெட்கமாக இருந்தது.

வராந்தாவுக்குப் போய் அவளைக் கூப்பிட்டேன். முதல் மணியிலேயே எடுத்தாள்.

"அக்கா, வேலை போச்சா?"

"போகல. அவங்க கண்டுபிடிக்கல."

"அந்தப் பக்கத்தைப் படிக்கலையா?"

"ரெண்டு தடவை படிச்சாங்க. கோடு போட்டாங்க. எழுந்து அதைப் பத்திப் பேசக்கூடச் செஞ்சாங்க."

"தூணுன்னு போட்டிருந்தீங்களா?"

"போட்டிருந்தேன்."

"என்ன பேசினாங்க? உள்ளதை உள்ளபடி சொல்லுங்க."

சொன்னேன். வீட்டுப் பொண்ணு மாதிரி என்றதையும், அவளுக்கென்று ஒதுக்கிய அறையையும், நிம்மதியாக இருக்கிறாள் என்றதையும், அந்தப் பெண்ணுக்கு வேலை போட்டுத் தருகிறேன் என்றதையும். சிரிப்பாள் என்று எதிர்பார்த்தேன். சிரிக்கத்தான் செய்தாள், ஆனால் பாதியில் நின்றுவிட்டது.

"கழுத்தைப் பிடிச்சு வெளிய தள்ளியிருந்தாக்கூட இவ்வளவு வலிக்காதுக்கா," என்றாள். "மூணு தடவை தூக்கி வெச்சவங்களுக்கு ஒரு தடவைகூட ஞாபகம் வரல. நீங்க என் பேரையே போட்டிருந்தாலும் வேற யாரோன்னுதான் நினைச்சிருப்பாங்க."

கடிதம் வரட்டும், பொறுத்துக்கொள் என்று சொல்ல வாயெடுத்தேன். அதற்குள் அந்தப் பக்கம் தரையில் எதுவோ இழுபடும் சத்தம் கேட்டது.

"என்ன சத்தம்?"

"நாற்காலி."

"எங்க கொண்டு போற?"

"முன்னாடி. அவங்க லேப்புக்குத் திரும்பி வர்றதுக்கு இன்னும் அரை மணி நேரமாவது ஆகும்ல?"

"வெள்ளிக்கிழமை…"

"தெரியும்கா. வெளிய ஒரு பெரியவர் உக்காந்திருக்காரு. மூணு தடவை குத்தியும் நரம்பு கிடைக்கலையாம். கையெல்லாம் நீலமா இருக்கு."

காலையிலிருந்து அவளை ஒளித்துவைக்கத்தான் ஓடிக்கொண்டிருந்தேன். இப்போது நில் என்று சொல்ல எனக்கு வாய் வரவில்லை. உள்ளே யாரோ என்னைக் கூப்பிட்டார்கள். நான் போகவில்லை.

"ஒரு கால் ஆடும்னு சொன்னியே," என்றேன். "பாத்துத் தூக்கு."