பின்னால் வரும் விளக்கு

உடைந்த படகு கிடக்கும் வளைவில் ஜானட் வண்டியை நிறுத்தவில்லை. திரும்பியும் பார்க்கவில்லை. இடது கையை மட்டும் தூக்கிக் கட்டைவிரலைக் காட்டினாள். பின்னால் வருகிறவர் பத்திரம் என்று அதற்கு அர்த்தம். முன்னால் காத்திருந்த அண்ணன் லியோனார்ட் அதை நம்பித் தன் வண்டியைக் கிளப்பினான்.

பின்னால் வரவேண்டியவன் அவள் புருஷன் சாலமன்.

காலையில் ராயபுரம் சர்ச்சில் பூசை முடிந்ததும் மூவரும் எண்ணூருக்கு வந்திருந்தார்கள். முகத்துவாரத்துக்குத் தெற்கே, சவுக்குத் தோப்பில், கரோலின் என்ற பெண் ஏடிவி ஓட்டப் பயிற்சி தருகிறாள். நான்கு பருத்த சக்கரங்கள், பைக் மாதிரி கைப்பிடி, ஒருவர் மட்டும் உட்காரும் இருக்கை. பயிற்சியில் தேறியவர்களை ஞாயிற்றுக்கிழமைகளில் வரிசையாக முகத்துவாரம் வரை அழைத்துப் போவாள். தேறாதவர் தோப்பைத் தாண்ட முடியாது.

அவள் திரும்பத் திரும்பச் சொன்னது இரண்டு விஷயம். வண்டி எவ்வளவு சாய்ந்தாலும் கால் கீழே இறங்கக் கூடாது; இறங்கினால் பின்சக்கரம் அதன்மேல் ஏறிவிடும். உடம்பைத்தான் எதிர்ப்பக்கம் சாய்க்க வேண்டும். அடுத்தது, ஒவ்வொரு வளைவிலும் நின்று, பின்னால் வருகிறவரின் விளக்கைக் கண்ணால் பார்த்த பிறகே முன்னால் இருப்பவருக்குக் கட்டைவிரல் காட்ட வேண்டும். விளக்குத் தெரியாவிட்டால் நகரக் கூடாது. ஒருவர் நின்றால் வரிசையே நின்றுவிடும். அதனால் யாரும் தனியாக விடுபட மாட்டார்கள்.

சாலமன் துறைமுகத்தில் கிரேன் ஓட்டுகிறவன். காசிமேட்டுச் சந்துகளில் அவன் புல்லட் நுழையாத இடம் கிடையாது. பைக் ஓட்டிப் பழகியவனுக்கு வண்டி சாய்ந்தால் கால் தானாக இறங்கும். பயிற்சியில் ஒவ்வொரு திருப்பத்திலும் அவன் கால் இறங்கியது. கரோலின் மறுபடி மறுபடி சுற்ற வைத்தாள். ஒருவழியாகத் தேறினான். முதல் சுற்றிலேயே தேறியிருந்த ஜானட் சும்மா இருக்கவில்லை.

"ராயபுரத்துக்கே பைக் கத்துக்குடுத்த வாத்தியாரு, பாப்பா மாதிரி காலைத் தேச்சிகினு கீது பாரு" என்றாள். லியோனார்ட் விழுந்து விழுந்து சிரித்தான்.

தோப்பின் முனையில் டீ குடிக்க நின்றபோது சாலமன் கணக்குத் தீர்த்தான். இவள் ஸ்கூட்டியில் யூ டர்ன் போட்டால் தெருவே வீட்டுக்குள் ஓடிவிடும் என்று கரோலினிடம் சொன்னான். அதோடு விட்டிருக்கலாம். லைசென்ஸ் டெஸ்டில் தோற்றுவந்து பாத்ரூமில் குழாயைத் திறந்துவிட்டு அவள் அழுததையும் சொல்லிவிட்டான். அவனுக்கு மட்டும் தெரிந்த விஷயம் அது.

ஜானட் பாதி டீயை மணலில் கொட்டிவிட்டு ஹெல்மெட்டை மாட்டிக்கொண்டாள்.

நிறைய ஓட்டியவன், நிதானமாக வருவான் என்று கரோலின் சாலமனைக் கடைசியில் வரச் சொல்லியிருந்தாள். அவளுக்குப் பின்னால் லியோனார்ட், ஜானட், சாலமன். வரிசை மாறாமல் கிளம்பினார்கள்.

முகத்துவாரத்து மணல்மேட்டில் கரோலின் எஞ்சினை அணைத்தாள். லியோனார்ட் வந்தான். ஜானட் வந்தாள். அப்புறம் யாரும் வரவில்லை.

லியோனார்ட் சாலமனுக்குப் போன் போட்டான். ஜானட்டின் இடுப்புப் பையில் மணி அடித்தது. நனையாமல் இருக்கட்டும் என்று காலையில் சாலமன் போனை அவளிடம்தான் கொடுத்து வைத்திருந்தான்.

"கடைசியா அவர் லைட்டை எங்க பார்த்தீங்க?" என்று கரோலின் கேட்டாள்.

"படகாண்ட" என்றாள் ஜானட்.

வாய் முந்திக்கொண்டது. அண்ணன் பக்கத்தில் நின்றிருந்தான். கட்டைவிரல் காட்டியதை அவன் பார்த்திருந்தான்.

படகுக்கும் மணல்மேட்டுக்கும் இடையில் கடலோரமாக ஒரே தடம்தான். வழியில் வண்டி கவிழ்ந்து அலைக்குள் விழுந்திருக்க வேண்டும் என்று கரோலின் கணக்குப் போட்டாள். மூவரும் தண்ணீரைப் பார்த்தபடி மெதுவாகத் திரும்பினார்கள். ஒன்றும் தென்படவில்லை. கரோலின் நின்று முகத்துவாரத்தைப் பார்த்தாள். கடல் உள்ளே ஏறத் தொடங்கியிருந்தது. ஏற்றம் வந்தால் கழிமுகத்து ஓடைகள் சட்டென்று நிரம்பிவிடும் என்று காலையில் சொல்லியிருந்தாள். இப்போது சொல்லவில்லை. லியோனார்ட் முட்டியளவு அலையில் இறங்கி "மாப்ள, மாப்ள" என்று கத்திக்கொண்டிருந்தான்.

ஜானட் கரோலின் பக்கத்தில் வண்டியைக் கொண்டுபோய் நிறுத்தினாள். இன்னும் கொஞ்ச நேரம் பொய்யைக் காப்பாற்றினால் ஆளைக் காப்பாற்ற முடியாது.

"மேடம். படகாண்ட நான் திரும்பவே இல்ல. டீ குடிச்ச எடத்தோட சரி. கோவத்துல சும்மா கைய தூக்கிட்டேன்."

லியோனார்ட் கையை ஓங்கினான், பாதியில் நிறுத்தினான். கரோலின் திட்டவில்லை. தோப்பு முனையை நோக்கி வண்டியைத் திருப்பினாள்.

தோப்பைத் தாண்டியதும் தடம் இரண்டாகப் பிரிகிறது. வலப்பக்கம் மணல். இடப்பக்கம் கழிமுகத்தின் ஓரமாக அனல்மின் நிலையத்துச் சாம்பல் படிந்த வெளி. பார்க்க சிமெண்ட் பூசினாற்போல இருக்கும். மேலே மெல்லிய ஓடு, அடியில் கூழ். அந்தச் சாம்பல்மேல் ஒரே ஒரு வண்டியின் தடம் போயிருந்தது.

ஓடைக்குள் வண்டி பக்கவாட்டில் சாய்ந்து கிடந்தது. அதன் ஓரத்தில் சாலமனின் மஞ்சள் ஹெல்மெட். தண்ணீர் அவன் மார்பளவு இருந்தது.

வண்டியோடு யாரும் இறங்கக் கூடாது என்று கரோலின் தடுத்தாள். இரண்டு இழுவைப் பட்டைகளைக் கோர்த்து, ஒரு முனையை மணலில் நின்ற லியோனார்டின் வண்டியில் மாட்டினாள். எடை குறைந்தவள் ஜானட். மறுமுனையைப் பிடித்துக்கொண்டு வயிற்றால் ஊர்ந்து போனாள்.

"காலு மாட்டிகிச்சு" என்றான் சாலமன். பல் கிட்டியிருந்தது. "சாஞ்சிது, ஊணிட்டேன்."

"பேசாத."

"லைட்டு அடிச்சி அடிச்சிப் பார்த்தேன். உன் ஹெல்மெட்டு திரும்பவே இல்ல. சரி, குறுக்கால பூந்து உனக்கு முன்னாடி போய் நிப்போம்னு..."

அவள் அவன் தலையைத் தன் முழங்காலில் ஏந்திக்கொண்டு, கைக்கு எட்டிய கம்பியில் கொக்கியை மாட்டினாள். இழுக்கும்போது லியோனார்டால் பின்னால் பார்க்க முடியாது. நடுவில் நின்ற கரோலின், ஜானட்டின் கையைப் பார்த்து அவனுக்குச் சொல்ல வேண்டும். கட்டைவிரல் என்றால் இழு. விரித்த கை என்றால் நிறுத்து.

ஜானட் கட்டைவிரலைத் தூக்கினாள். பட்டை விறைத்தது. சக்கரம் எழும்பாமல் சறுக்கி அவன் தொடைக்கு ஏறியது. சாலமன் அலறினான். அவள் கையை விரித்தாள். கரோலின் கத்த, லியோனார்ட் அந்த நொடியே நிறுத்தினான்.

தண்ணீர் சாலமனின் தாடையைத் தொட்டது.

அவசரப்படுத்தினான். அவள் கேட்கவில்லை. கொக்கியைக் கழற்றி, வண்டி அவனைவிட்டு விலகிச் சாயும்படி மேல்பக்கக் கம்பியில் மாட்டினாள். தண்ணீருக்குள் கையை விட்டு அவன் முழங்காலையும், சக்கரத்தையும், இரண்டுக்கும் நடுவிலிருந்த இடுக்கையும் தடவினாள். மறுபடி ஒருமுறை தடவினாள். அப்புறம்தான் கட்டைவிரலைத் தூக்கினாள்.

சக்கரம் எழும்பியது. அக்குளில் கைகொடுத்து இழுத்தாள். கால் வந்தது. பாதம் திரும்பக் கூடாத பக்கம் திரும்பியிருந்தது. ஆனால் வந்துவிட்டது.

கரோலின் வரவழைத்த ஆம்புலன்ஸில் பின்னால் சாலமனோடு லியோனார்ட் ஏறினான். சேறு சொட்டச் சொட்ட ஜானட் டிரைவர் பக்கத்தில் உட்கார்ந்தாள். இரண்டுக்கும் நடுவே சின்னக் கண்ணாடி ஜன்னல். எர்ணாவூர் திருப்பத்தில் திரும்பிப் பார்த்தாள். சாலமன் கட்டைவிரலைத் தூக்கிக் காட்டினான். அடுத்த திருப்பத்திலும் காட்டினான். திருவொற்றியூர் வந்தபோது காட்டவில்லை. கண் மூடியிருந்தது. அவள் கண்ணாடியைப் படபடவென்று தட்டினாள்.

லியோனார்ட் ஜன்னலைத் தள்ளித் திறந்தான். "ஒண்ணும் இல்ல. பாக்குறியா இல்லியான்னு பாக்குறானாம்."

"காலு நேராவட்டும், அப்பால கீது அவனுக்கு" என்றாள். ஆனால் ஜன்னலிலிருந்து தலையைத் திருப்பவில்லை.

"இன்னாமா, முன்னால பாத்து உக்காரு. பிரேக் போட்டா இட்ச்சிப்ப" என்றார் டிரைவர்.

"முன்னால பாக்கத்தான் நீ கீறியே நைனா. ஓட்டு."