வெள்ளிவிழா மலரில் விடுபட்டவள்

தம்பி வீட்டுச் சாப்பாட்டு மேஜையில், அவன் தட்டை நகர்த்திவிட்டு, வெள்ளிவிழா மலரின் அச்சுப்பிரதியைப் போட்டாள் அக்கா.

"என்னடா இது? கம்பெனி வரலாறுன்னு நாப்பது பக்கம் போட்டிருக்க. அதுல நான் எங்க?"

படத் தயாரிப்பாளரான தம்பி பொறுமையாகப் புரட்டிக் காட்டினான். "இதோ இருக்கியே. குடும்பப் போட்டோவுல, பூந்தொட்டிக்குப் பின்னாடி."

இருபத்தைந்து ஆண்டுகளில் அந்தக் கம்பெனி எடுத்த பத்தொன்பது படங்களையும் வெட்டி ஒட்டிக் கோத்தவள் அக்காதான். திரையில் 'படத்தொகுப்பு' என்று வந்ததோ அவள் கணவர் பெயர். எடிட்டிங் அறையில் அவர் செய்த ஒரே வேலை, குறட்டை விட்டதுதான்.

"குடும்பப் பொம்பள பேரைத் திரையில போட்டா நாலு பேர் என்ன நினைப்பாங்க?"

"பத்தொன்பது படத்துலயும் பொம்பளைங்கள மழையில ஆட விட்டியே, அப்ப அந்த நாலு பேரும் எங்கடா போயிருந்தாங்க?"

மறுநாள் முதல் அவள் வேலைக்கு வரவில்லை. வெள்ளிவிழாப் படம் பாதியில் கிடந்தது. கணவர் சட்டைக் கையை மடித்துவிட்டுக்கொண்டு தாமே உட்கார்ந்தார். ஒரு வாரம் கழித்துப் போட்டுப் பார்த்தார்கள். நாலாவது ரீலில் கதாநாயகியின் அப்பா செத்துப்போனார். ஏழாவது ரீலில், அவள் கல்யாணப் பந்தியில் உட்கார்ந்து நிதானமாகச் சாப்பிட்டுக்கொண்டிருந்தார்.

"மாமா, செத்தவரு எப்படிப் பந்திக்கு வந்தாரு?"

"பொண்ணு மேல அவ்வளவு பாசம், மாப்ள."

தம்பி அன்றைக்கே அக்காவிடம் ஓடினான். காலில் விழாத குறை. பெயர் போடுவதாக ஒப்புக்கொண்டான். அவளும் வந்து, ஒன்பதே நாளில் செத்தவரை ஒழுங்காகச் சாகடித்தாள்.

கடைசியில் டைட்டில் அட்டை வந்தது: 'படத்தொகுப்பு: தொகுப்பாளரின் மனைவி.'

"கௌரவமா இருக்கட்டுமேன்னுதான்..." என்று இழுத்தான் தம்பி.

அவன் போனதும் அக்கா எழுத்து ஓவியரைக் கூப்பிட்டு வேறு இரண்டு அட்டைகள் எழுதச் சொன்னாள்.

முதல் காட்சிக்கு அரங்கம் நிறைந்திருந்தது. 'படத்தொகுப்பு' என்ற சொல்லுக்குக் கீழே அவள் பெயர் முழுசாக, பெரிசாக வந்தது. எழுத்துக்கூட்டிப் படிப்பவளைப் போல அவள் உதடுகள் அசைந்தன. அடுத்த அட்டை வந்தது.

'தயாரிப்பு: படத்தொகுப்பாளரின் தம்பி.'

அரங்கமே சிரித்தது. தம்பி துள்ளி எழுந்தான். "அக்கா! என் பேரு எங்க?"

அவள் திரையிலிருந்து கண்ணை எடுக்கவில்லை.

"உக்காருடா. பின்னாடி இருக்கறவங்களுக்கு மறைக்குது."