விலை சொன்ன பிறகு

என் தம்பிக்குக் கை தங்கம், வாய்தான் தகரம். ஸ்பிரிங் வெளியே துருத்திக்கொண்டிருக்கும் சோபாவைக் கொண்டுவந்து போட்டாலும், நேற்று வாங்கியது போல ஆக்கி அனுப்புவான். வாடிக்கையாளர் “எவ்வளவு?” என்று கேட்டதும் ஆள் செத்தான்.

“ஆயிரத்து ஐந்நூறு” என்பான். எதிரே நிற்பவர் மூச்சு விடுவதற்குள், “சரி, ஆயிரத்து முந்நூறு குடுங்க.” அவர் சட்டைப்பைக்குள் கையை விட்டுத் துழாவினால் போச்சு, ஆயிரம்! யாரும் பேரம் பேசியிருக்க மாட்டார்கள். இவனே சொல்லி, இவனே குறைத்து, இவனே தலையாட்டிக்கொள்வான். பின்னால் உட்கார்ந்து உறை தைத்துக்கொண்டிருக்கும் நான் தலையில் அடித்துக்கொள்வேன்.

“அந்தாளு பணத்த எடுக்கத்தான்டா பைக்குள்ள கைய விட்டாரு!”

“பாவம்க்கா, யோசிச்சாரு.”

“யோசிக்கட்டுமே! யோசிச்சா உனக்கு எங்க வலிக்குது?”

எங்கே வலிக்கிறது என்று எனக்குத் தெரியாதா என்ன? ஒரே வீட்டில்தானே வளர்ந்தோம். எங்கள் அப்பா திட்ட மாட்டார், அடிக்க மாட்டார், இல்லை என்றும் சொல்ல மாட்டார். எதையாவது கேட்டுப் போய் நின்றால் மூக்குக்கண்ணாடியைக் கழற்றித் துடைக்க ஆரம்பிப்பார். துடைப்பார், துடைப்பார், துடைத்துக்கொண்டே இருப்பார். நாங்களாக “பரவாயில்லப்பா, வேணாம்” என்று சொல்லும் வரை நிமிர மாட்டார். சொன்னதும் தலையைத் தடவி, “நல்ல புள்ள” என்பார். அந்த ஒரு தடவலுக்காகத் தம்பி பள்ளிச் சுற்றுலாவை வேண்டாம் என்றான், செருப்பை வேண்டாம் என்றான். நான் கல்லூரியையே வேண்டாம் என்றேன். ஆனாலும் எனக்கு வாய் இருக்கிறது, கடைத்தெருவில் என்னிடம் யாரும் வாலாட்ட முடியாது. அதனால் நான் தப்பித்துவிட்டேன் என்றுதான் நினைத்திருந்தேன்.

போன மாசி மாதம் கட்டடச் சொந்தக்காரர் வந்தார். கூடுதல் முன்பணம் தர வேண்டும், மாதக் கடைசிக்குள் தராவிட்டால் இடத்தைப் பக்கத்து செல்போன் கடைக்குக் கொடுத்துவிடுவேன் என்றார். பதினோரு வருடக் கடை. கையில் ஒன்றுமில்லை. இருந்தால்தானே ஆச்சரியம்!

அந்த வாரமே ஒரு பெரிய ஓட்டலிலிருந்து மேனேஜர் அம்மா போன் செய்தார். சாப்பாட்டுக் கூடத்து நாற்காலிகள் நூற்றிருபது, எல்லாவற்றுக்கும் புது ரெக்சின், புது ஸ்பாஞ்ச். உட்கார்ந்து கணக்குப் போட்டோம். தம்பி தன் கூலியைச் சேர்க்காமலே கூட்டி முடித்துவிட்டான். பென்சிலைப் பிடுங்கி நான் சேர்த்தேன். நாற்காலிக்கு ஆயிரத்து எண்ணூறு. அது கிடைத்தால் கடை நிற்கும், குறைந்தால் இல்லை.

நான்கு நாள் ஒத்திகை. நான் மேனேஜர் மாதிரி மூஞ்சியைத் தூக்கி வைத்துக்கொண்டு உட்காருவேன். அவன் வியர்க்க வியர்க்க விலை சொல்வான்.

“சொல்லிட்டு வாய மூடு. அவங்க பேசற வரைக்கும் நீ பேசக் கூடாது, நாக்கக் கடிச்சுக்க.”

“கடிச்சா ரத்தம் வரும்க்கா.”

“வரட்டும், நாற்காலியில படாம பாத்துக்க.”

வெள்ளிக்கிழமை காலை மேனேஜர் அம்மா வந்தார். தம்பி மாதிரிக்குச் செய்து வைத்திருந்த நாற்காலியில் உட்கார்ந்து பார்த்தார். எழுந்து ஓரத் தையலை விரலால் நீவினார்.

“நல்லா இருக்கு. ஒண்ணுக்கு எவ்வளவு?”

தம்பி கையைப் பின்னால் கட்டிக்கொண்டான். “ஆயிரத்து எண்ணூறு மேடம். கொண்டுவந்து இறக்கறது எங்க பொறுப்பு.” அவ்வளவுதான், வாயை மூடிக்கொண்டான். என் ராஜா!

மேனேஜர் அம்மா கண்ணாடியைக் கழற்றினார். கைக்குட்டையை எடுத்துத் துடைக்க ஆரம்பித்தார். மின்விசிறி கடகடவென்று சுற்றியது. தம்பியின் காதோரம் வியர்வை இறங்கியது, ஆனால் அசையவே இல்லை. அவர் இன்னொரு பக்கத்தையும் துடைத்தார்.

“பரவாயில்லைங்க, ஆயிரத்து முந்நூறுன்னே போட்டுக்கலாம்.”

யார் சொன்னது என்று திரும்பிப் பார்த்தேன். எனக்குப் பின்னால் சுவர்தான் இருந்தது.

அவர் கண்ணாடியை மாட்டிக்கொண்டு சிரித்தார். “ஒரே தூசிங்க. சரின்னு சொல்லத்தான் வந்தேன், நீங்களே குறைச்சிட்டீங்க. ரொம்ப சந்தோஷம்.” நோட்டைத் திறந்து எழுதிக்கொண்டார். வாய் தவறிவிட்டது, முதலில் சொன்னதுதான் விலை என்று சொல்ல எவ்வளவு நேரம் ஆகும்? வேண்டாம் என்று சொன்னதைத் திருப்பிக் கேட்டு எங்கள் இரண்டு பேருக்கும் பழக்கமே இல்லை.

அவர் போன பிறகு தம்பி அந்த நாற்காலியிலேயே உட்கார்ந்தான்.

“திட்டுடா. நாலு வார்த்தை நல்லா கேளு என்னை.”

அவன் திட்டவில்லை. “நான் சரியாத்தான சொன்னேன்க்கா?” என்றான், பரீட்சைத் தாளை நீட்டும் பிள்ளை மாதிரி.

“சரியாத்தான்டா சொன்ன.”

நூற்றிருபது நாற்காலியையும் ஒரு குறையில்லாமல் முடித்துக் கொடுத்தோம். வந்த பணம் ரெக்சினுக்கும் ஸ்பாஞ்சுக்கும் பழைய வாடகைக்கும் போனது. மாதக் கடைசியில் சாவியைக் கொடுத்துவிட்டோம். தம்பி இப்போது வேறொருவர் பட்டறையில் தினக்கூலி. விலை சொல்ல வேண்டியதில்லை, நிம்மதியாக இருக்கிறது என்கிறான்.

சாவி கொடுப்பதற்கு முந்தின நாள் எங்கள் தையல் மெஷினைப் பார்க்க ஒருவர் வந்தார். சக்கரத்தைச் சுற்றிப் பார்த்துவிட்டு என்ன விலை என்றார்.

“நீயே சொல்லுக்கா” என்றான் தம்பி.

சொன்னேன். அவர் குனிந்து பெல்ட்டை இழுத்துப் பார்த்தார். என் உதடு தானாகத் திறந்தது. அதற்குள் தம்பி என் பக்கத்தில் வந்து நின்று, பசை வாடை அடிக்கும் உள்ளங்கையால் என் வாயை மெல்லப் பொத்தினான்.

“சரிங்க, எடுத்துக்கறேன்” என்றார் அவர், நிமிராமலே.

ஊசியில் நூல் கோக்கும் நேரம்கூட ஆகியிருக்காது. தம்பி கையை எடுக்கவில்லை. என் கண்ணீர் அவன் விரல்களில் இறங்கிக்கொண்டிருந்தது.