வளைவின் தோளில் பாரம்

என் மகள் ரொட்டிக்கடை போட்டாள். பின்னறையில் அடுப்பு, முன்னறையில் விற்பனை. நடுச்சுவரை உடைத்து, ரொட்டித் தட்டு வண்டி போய்வரும் அகலத்துக்கு வழி விட வேண்டும். நான் கோயில் மண்டபங்களுக்குக் கல் உத்திரம் ஏற்றியவன். அவள் என்னைக் கேட்கவில்லை, மாமனாரைக் கேட்டாள். அவர் பள்ளிவாசல்களுக்கு வளைவும் கும்மட்டமும் கட்டும் கொத்தனார்.

எனக்கு வளைவு மேல் நம்பிக்கை கிடையாது. கல்லை நிறுத்து, மேலே கல்லைப் படுக்க வை, பாரம் நேரே கீழே இறங்கும். அகலம் கூடினால் வரிக்கு வரி கல்லை முன்னால் நீட்டி நெருக்கிக்கொண்டு போ. பழைய கோயில்காரர்களும் புத்த விகாரை கட்டியவர்களும் அப்படித்தான் கட்டினார்கள். இன்றும் நிற்கிறதே!

மரச்சட்டத்தின் மேல் செங்கலை வளைத்து அடுக்கிக்கொண்டிருந்தவரிடம் கேட்டேன்.

"சட்டத்தை உருவினா இது அந்தரத்துல நிக்குமா, சம்பந்தி?"

"நிக்கும். ஒண்ணை ஒண்ணு நெருக்கிப் பிடிச்சுக்கிட்டு நிக்கும்."

"எங்க கல்லு வெச்ச இடத்துல தூங்கும். உங்க கல்லு சந்தைக்கூட்டம் மாதிரி முட்டித் தள்ளிக்கிட்டே இருக்கும். என் பொண்ணு தலைக்கு மேல அது வேணாம்."

"இந்த அகலத்துக்குக் கல் உத்திரம் போட்டா நடுவுல முறியும். அதுக்குத்தானே அடிக்கொரு தூணு நட்டு வெச்சிருக்கீங்க? ஒளிஞ்சு விளையாடத் தோதா இருக்கும். நாங்க வரிசையா நின்னு தொழ வேணாமா?"

அவர் சொன்னது சரிதான் என்பதால் எரிச்சல் கூடியது.

"ரெண்டு பேரும் வாயாலேயே ஒரு வீடு கட்டிட்டீங்க" என்றாள் மகள். "நாளைக்கு ரொட்டி தர்றேன்னு தெரு முழுக்கச் சொல்லியாச்சு. வழி இல்லேன்னா என் பொழப்பு சிரிப்பாச் சிரிச்சுப் போகும்."

மறுநாள் விடியலில் சம்பந்தி மரச்சட்டத்துக்கு அண்டை கொடுத்திருந்த ஆப்புகளைத் தளர்த்தினார். மர்ரென்று ஒரு சத்தம். வளைவின் நடு லேசாக இறங்கியது. அது இரண்டு பக்கமும் சரியும் தோள்பட்டைகளில் செங்கல் இணைப்பு வாய் பிளந்தது. சட்டென்று ஆப்பைத் திரும்ப அடித்து இறுக்கினார்; பிளவு மூடிக்கொண்டது.

"பிரிச்சிட்டு முதல்லேர்ந்துதான் கட்டணும்" என்றார். மகள் பிசைந்த மாவை ஈரத்துணியால் மூடினாள். அதைப் பார்க்க எனக்குப் பொறுக்கவில்லை.

சாரப் பலகை மேல் ஏறினேன். கல்லை முன்னால் நீட்டும்போது அது உள்ளே கவிழாமலிருக்க வால் பக்கம் பாரம் வைப்போம். கை பழகிய வேலை. உடைத்த சுவரின் கனத்த கற்களை எடுத்துத் தரச் சொல்லி, வளைவின் இரண்டு தோளிலும் சாந்து போட்டு அடுக்கினேன். நடுவில் ஒன்றும் வைக்கவில்லை.

சம்பந்தி அண்ணாந்து பார்த்தார். "யார் சொல்லிக் குடுத்தது?"

"யாரும் இல்ல. செங்கல் உள்ளே கவிழுது, பின்னால பாரம் வேணும்."

"உள்ளே எங்க கவிழுது? தோளு வெளியே எம்புது! அதை அமுக்கணும். நான்தான் அவசரத்துல அதுக்கு முன்னாடியே ஆப்பைத் தொட்டுட்டேன்."

"கவிழுதுய்யா."

"எம்புது சம்பந்தி!"

வெயில் ஏறும்வரை சாந்தை இறுக விட்டோம். ஆப்பை மெல்ல மெல்லத் தளர்த்தினார். சத்தம் இல்லை. பிளவு வாய் திறக்கவில்லை. சட்டத்தை உருவினார். செங்கல் அந்தரத்தில் நின்றது.

மகள் வண்டியைத் தள்ளப் போனாள். "இரு" என்று தடுத்து முதலில் நான் போய் நின்றேன். நான் வைத்த பாரத்தை நம்பாமல் அவரும் வந்து நின்றார். "கவிழுதா?" என்றார். "எம்புதா?" என்றேன்.

"எதுவோ ஒண்ணு. நகருங்க, மாவு புளிச்சுப் போகுது" என்று எங்கள் இடுப்பில் வண்டியால் இடித்தாள் மகள்.

அடுப்பிலிருந்து இறங்கிய முதல் ஈட்டில் ஆளுக்கொரு ரொட்டி தந்தாள். வளைவுக்குக் கீழே நின்றுதான் தின்றேன். அடிக்கடி மேலே பார்த்துக்கொண்டேன், அது வேறு விஷயம்.