அமலோற்பவத்தம்மாள் பெற்றது எத்தனை

1

"'தாயைக் கடைசிவரை கண்ணும் கருத்துமாய்ப் பார்த்துக்கொண்ட மகள்'னு போட்டா, நாங்க ரெண்டு பேரும் இன்னா ஊரை மேஞ்சிக்கினா இருந்தோம்? அடிங்க அந்த வரியை!"

"டே அன்பு, மெதுவா பேசு. அம்மா படுத்துக்கினு இருக்காங்க."

"அவங்களுக்கு இன்னா காது கேக்கவா போவுது?"

கேட்டது. இந்தக் கதை அங்கேதான் பிறந்தது. பிறந்ததற்கு நானும் ஒரு காரணம் என்பதை முதலிலேயே ஒப்புக்கொண்டுவிடுகிறேன்.

விழுப்புரத்தில் எங்கள் தெருவில் யார் இறந்தாலும் மாதா கோவிலில் அடக்கப் பூசையின்போது வாசிக்கும் வாழ்க்கைக் குறிப்பை நான்தான் எழுதுகிறேன். எழுத்து நன்றாக வரும் என்பதற்காக அல்ல. எல்லார் வீட்டு விஷயமும் எனக்குத் தெரியும் என்பதற்காக. முன்பெல்லாம் மூச்சு நின்ற பிறகுதான் எழுதுவோம். ஒருமுறை அவசரத்தில் ஒரு மருமகனின் பெயர் விட்டுப்போய், கல்லறைத் தோட்டத்திலேயே சட்டை கிழிந்தது. அதிலிருந்து, குருவானவர் வந்து, சாகக் கிடப்பவருக்கு எண்ணெய் பூசி நோயில்பூசுதல் கொடுத்துவிட்டுப் படியிறங்கினால் நான் நோட்டோடு படியேறுவேன். குடும்பத்தார் கேட்டுத் திருத்தட்டும் என்று உரக்கப் படித்தும் காட்டுவேன்.*

* படுத்திருப்பவரின் கட்டிலுக்கு நான்கடி தள்ளி. அந்த நான்கடி போதாது என்று இதுவரை எவரும் சொன்னதில்லை.

2

கட்டிலில் அமலோற்பவத்தம்மாள், தொண்ணூற்றொரு வயது. ஒன்பது நாளாகப் பேச்சில்லை. சுற்றி மூன்று பிள்ளைகள்: மின்வாரியத்தில் ஓய்வு பெற்ற தென்னரசு, எழுபத்திரண்டு. வளவனூரில் உரக்கடை வைத்திருக்கும் அன்புச்செல்வன், அறுபத்தொன்பது. கல்யாணம் செய்துகொள்ளாத இசைவாணி, ஐம்பத்தேழு.

இசைவாணி சிறுவயது முதலே தியாகச் சுடராக…

(இல்லை. இதைப் படித்தால் அவளே சிரிப்பாள். இருபத்தொரு வயதில் புதுச்சேரியில் நர்ஸ் படிப்பைப் பாதியில் விட்டுவிட்டு வந்தாள். அம்மாவுக்கு அப்போது முதுகெலும்பில் ஏதோ. மூன்று வரன் வந்து திரும்பிப் போனது. முப்பத்தாறு வருடம். அவ்வளவுதான்.)

அன்புச்செல்வன் கத்தும்போது அவள் கஞ்சி டம்ளரோடு கட்டில் ஓரமாக நின்றாள். அடிக்கச் சொன்ன வரி அவளைப் பற்றியது. நான் பேச்சை மாற்ற அடுத்த வரியைப் படித்தேன்: "இறைவன் இவருக்கு அளித்த செல்வங்கள் மூவர்."

"ரெண்டு."

கட்டிலிலிருந்து வந்தது குரல். என் கையிலிருந்த பேனா கீழே விழுந்தது. தென்னரசு சிலுவை போட்டுக்கொண்டார்.

"அம்மா! இன்னாம்மா சொல்றே?"

"நான் பெத்தது ரெண்டுதான். மூணுன்னு எழுதிக்கினு போயி சாமி முன்னால பொய்யி படிக்காதீங்க."

"எங்கள்ல யாரும்மா?"

"அதையா எழுதச் சொன்னேன்?" என்று கேட்டுவிட்டுக் கண்ணை மூடிக்கொண்டது கிழவி. பிறகு ஒரே வார்த்தை: "கஞ்சி."

3

அடுத்த பத்து நிமிடத்தை எப்படி எழுதுவது? 'இடி விழுந்தது போல்' என்று எழுதி அடித்தேன். உண்மையில் நடந்தது, எழுபதை ஒட்டிய இரண்டு ஆண்கள் பீரோக் கண்ணாடிக்கு முன்னால் இடம் பிடிக்க முண்டியதுதான்.

"நான் அப்படியே அப்பா ஜாடை. ஊரே சொல்லும்," என்றார் அன்புச்செல்வன்.

"அப்பா ஜாடை இருந்தா இன்னா? இப்பப் பேச்சு அம்மாவைப் பத்திடா!"

அப்புறம் இருவரும் ஒரே நேரத்தில் திரும்பினார்கள். அவர்கள் பார்த்தது தங்கையை. அன்புச்செல்வன் விரல் விட்டு எண்ணவே செய்தார். "எனக்கப்புறம் பன்னண்டு வருஷம் கழிச்சிப் பொறந்தவ…"

அந்த வாக்கியத்தை அவரும் முடிக்கவில்லை, நானும் முடிக்கவில்லை. டம்ளர் சாய்ந்து கஞ்சி இசைவாணியின் காலில் வழிந்தது. சூடான கஞ்சி. அவள் காலை நகர்த்தவில்லை.

மறுநாள் காலை என் வாசலில் நின்றாள். "அக்கா, திண்டிவனம் வர்றீங்களா? அத்தையைக் கேட்டா தெரியும்."

அத்தை என்றால் கெங்கம்மாள், செத்துப்போன அப்பா பூமாலையின் தங்கை. பூமாலை அமலோற்பவத்தைக் கட்டுவதற்காக ஞானஸ்நானம் வாங்கிக் கோவிலுக்கு வந்தவர். தங்கை தன் சாமியோடேயே திண்டிவனத்தில் இருந்துவிட்டாள். எண்பத்தெட்டு வயது. அந்த வீட்டுப் பிரசவங்களின்போதெல்லாம் கூட இருந்தவள்.

நான் வருகிறேனா என்றா கேட்டாள்? செருப்பைக்கூட மாற்றாமல் கிளம்பினேன்.

பஸ் விக்கிரவாண்டி சுங்கச்சாவடியைத் தாண்டியதும் ஜன்னல் பக்கம் பார்த்தபடியே சொன்னாள்: "அண்ணனுங்க சொத்துக்குப் பயப்படறாங்க. எனக்கு அது வாணாம்க்கா. முப்பத்தாறு வருஷமா நான் யாருக்குப் பீ மூத்திரம் அள்ளனேன்னு தெரியணும். அவ்ளோதான்."

இந்த வரியை மெருகேற்ற நான்கு முறை முயன்றேன். முடியவில்லை.

4

கெங்கம்மாள் ரயில் நிலையத்துக்குப் பின்னால் ஒரே அறை வீட்டில் மல்லாட்டை (வேர்க்கடலைதான்) உரித்துக்கொண்டிருந்தாள். இசைவாணி விஷயத்தைச் சொன்னதும் அவள் கை நின்றது. என்னை ஏற இறங்கப் பார்த்தாள்.

"இந்தம்மா எழுதறவங்களா? வெளிய போயி குந்தச் சொல்லு."

குந்தினேன். காதை மட்டும் உள்ளேயே விட்டுவிட்டுத்தான் வந்தேன். ஆனால் பக்கத்து வீட்டிலிருந்து ஒரு மனிதர் பிளாஸ்டிக் நாற்காலியோடு வந்துவிட்டார். துரைக்கண்ணு, அரசுப் பேருந்து ஓட்டி ஓய்வு பெற்றவர், பெண்சாதி இல்லை. முட்டிவலியை ஆரம்பித்தார். இடது முட்டி, வலது முட்டி, புத்தூர்க் கட்டு. இருபது நிமிடம். பேஜாரு. உள்ளே ஒரு குடும்பமே கவிழ்ந்துகொண்டிருக்க, என் காதில் விழுந்ததெல்லாம் அந்த முட்டி.

ஆகவே உள்ளே நடந்ததை மூன்று விதமாக எழுதிப் பார்த்தேன்.

'நீதான்டி வாணி. பனமலை ஏரிப் பக்கம் நடவுக்குப் போன எடத்துல, பெத்துட்டு செத்தா ஒருத்தி…' (கண்ணீர் வருகிறது. அதனாலேயே சந்தேகமாக இருக்கிறது.)

'பெரியவன். கல்யாணமாகி நாலு வருஷம் வயிறு தொறக்கல உங்கம்மாவுக்கு…' (பத்தொன்பது வயதில் பெற்றாளே, பதினைந்திலா கல்யாணம்? கணக்கு இடிக்கிறது. அந்த வயதைச் சொன்னதும் அமலோற்பவத்தம்மாள்தான் என்பது வேறு.)

'மறந்துபோச்சிம்மா.' (இதுதான் நடந்திருக்க அதிக வாய்ப்பு. இதை எழுதினால் நீங்கள் என்னை அடிக்க வருவீர்கள்.)

நான் கண்ணால் பார்த்தது இதுதான்: இசைவாணி வெளியே வந்தாள். முந்தானையில் ஒரு முடிச்சு மல்லாட்டை. அழுத முகமா, கழுவிய முகமா, தெரியவில்லை.

பஸ்ஸில் கேட்டேன். "அத்தை இன்னாதான் சொன்னாங்க?"

"இந்த வருஷம் மல்லாட்டை நல்ல வெளைச்சலாம்க்கா."

5

வீட்டுக்கு வந்ததும் நேராகக் கட்டிலுக்குப் போனாள். நான் வாசற்படியில். (ஆமாம், என் வீட்டுக்குப் போகவில்லை.)

கிழவி கண் திறந்திருந்தது. "கேட்டுக்கினு வந்துட்டியா?"

"வந்துட்டேன்."

"இன்னா இப்போ?"

இசைவாணி நின்றாள். நான் எத்தனையோ வீட்டில் எத்தனையோ மௌனங்களை ஒட்டுக் கேட்டிருக்கிறேன். அவ்வளவு நீளமான ஒன்றைக் கேட்டதில்லை. அம்மாவின் கை மகளின் முந்தானையைத் தேடிப் பிடித்தது. இத்தனை வருடத்தில் அவள் பயந்து நான் பார்த்தது அப்போது மட்டுந்தான்.

"ஒண்ணுமில்ல. வாயைத் தொற," என்றாள் மகள். கேப்பைக் கூழை ஆற்றி ஒரு கரண்டி ஊட்டினாள்.

6

மறுநாள் போகும் என்றிருந்த உயிர் பதினோரு மாதமாகப் போகவில்லை. அதனால் வாழ்க்கைக் குறிப்பு இன்னும் என்னிடமே கிடக்கிறது.

இசைவாணி வெள்ளிக்கிழமைதோறும் திண்டிவனம் போனாள். அத்தையைப் பார்க்க என்றாள், நம்பினேன். ஆவணியில் துரைக்கண்ணுவைப் பதிவுத் திருமணம் செய்துகொண்டாள்! ஐம்பத்தெட்டாம் வயதில்! தெரு மூன்று நாள் சோறு தின்னவில்லை. நான் நான்கு நாள், ஏனென்றால் அந்த நாற்காலியில் உட்கார்ந்து அத்தனை முட்டியையும் கேட்டவள் நான். எனக்கே தெரியாமல் போயிற்று.

சாட்சிக் கையெழுத்து தென்னரசு போட்டார். பிறகு மகனோடு இருக்கச் செங்கல்பட்டுக்குப் போய்விட்டார். அன்புச்செல்வன் கையெழுத்துக்கும் வரவில்லை, வழியனுப்பவும் வரவில்லை. கடையை விற்றுவிட்டு பெங்களூரில் மகள் வீட்டில் இருப்பதாகக் கேள்வி.

திண்டிவனத்துக்குக் கிளம்பிய சின்ன வண்டியில் முன் சீட்டில் கிழவியைத் தூக்கி உட்கார வைத்தது இசைவாணிதான். பெற்றவள் என்று தெரிந்ததால் கூட்டிப் போனாளா, இல்லையென்று தெரிந்த பிறகும் கூட்டிப் போனாளா? இரண்டில் உங்களுக்கு எது வேண்டுமோ எடுத்துக்கொள்ளுங்கள், எனக்கு இரண்டுமே தூக்கத்தைக் கெடுக்கிறது. புதுச் சேலையில் இசைவாணி பின்னால் சாமான்களோடு ஏறி, அம்மாவின் கட்டில் காலைப் பிடித்தபடி போனாள்.