இடஞ்சுழிப் புயல்

பதில் இன்னும் வரவில்லை. பூங்கோதை ஈரக் கையைச் சேலையில் துடைத்துக்கொண்டு மறுபடியும் போனைத் திறந்து பார்த்தாள். எதிரே தொட்டி நிறையப் பாலாக, பளபளப்பு ஏற்றும் கிளேஸ் கரைசல். சூளையில் ஒருமுறை வெந்து வந்த பிள்ளையார் பொம்மைகள் அதில் முங்கி எழப் பலகையில் காத்திருந்தன. பட்டறை முதலாளி ராஜ்மோகன் சூளைப் பக்கமிருந்தே குரல் கொடுத்தான்.

“போனப் பாத்துக்கிட்டே முக்குனா கிளேஸு ரெண்டு கோட்டிங் ஏறிடும்க்கா. வேகறப்ப உருகி தும்பிக்கை தொந்தியோட ஒட்டிக்கும்.”

“ஒட்டுனா ஒனக்கென்ன, புது மாடலுன்னு வித்துடுவ.”

வாய்தான் பேசியது. மனசு வியாழன் கிரகத்தில் இருந்தது.

மகன் திலீபனால் வந்த வினை அது. வியாழனைச் சுற்றும் விண்கலம் எடுக்கும் படங்களைத் துண்டு துண்டாக அப்படியே இணையத்தில் போட்டுவிடுவார்கள். யார் வேண்டுமானாலும் எடுத்து ஒட்டவைத்து, வண்ணம் ஏற்றி, தன் பெயரில் திருப்பிப் போடலாம். சிதம்பரத்தில் பிசிக்ஸ் படித்துவிட்டு வேலை கிடைக்காமல் கிடந்த திலீபன் அதைத்தான் செய்தான். தட்டில் சோறு ஆறிப்போகும். அவன் துருவத்துப் புயல்களோடு உட்கார்ந்திருப்பான். நடுவில் ஒன்று, அதைச் சூழ்ந்து மற்றவை, ஒவ்வொன்றும் நம் தேசத்தையே விழுங்குகிற அகலம். ஒன்றையொன்று உரசிக்கொண்டே நிற்கும். கலக்காது, கலையவும் கலையாது. ஏனென்று ஆராய்ச்சிக்காரர்களுக்கே முழுசாகப் பிடிபடவில்லையாம். தென்துருவத்தில் அவை வலஞ்சுழியாகச் சுற்றும். திலீபன் மட்டும் படத்தைக் கண்ணாடியில் தெரிவதுபோல இடஞ்சுழியாக மாற்றிப் போடுவான். ஏன்டா தப்பாகப் போடுகிறாய் என்று கேட்டால் சிரிப்பான். “வங்காள விரிகுடா புயலு இப்பிடித்தாம்மா சுத்தும். நம்மூரு ஆளு போட்டதுன்னு தெரியட்டும்.”

மூன்று வருஷத்துக்கு முன்னால் அவன் பெண்ணாடம் பஸ்ஸில் ஏறியதைப் பார்த்தவர்கள் உண்டு. இறங்கியதைப் பார்த்தவர் இல்லை. போலீஸில் எழுதிக் கொடுத்தார்கள். மணவாளநல்லூர் கொளஞ்சியப்பர் கோயிலில், மகனைத் திருப்பிக் கொடு என்று சாமியிடமே பிராது எழுதிக் கட்டினார்கள். போலீஸ் மறந்தது. சாமி பேசவில்லை. அவன் போட்ட படமென்று ஒன்றுகூட வரவில்லை.

முந்தாநாள் ஒன்று வந்தது. போட்டவர் பெயர் வேறு. ஆனால் தென்துருவம், இடஞ்சுழி. மகள் வெண்பா அதன் கீழேயே இங்கிலீஷில் எழுதிப்போட்டாள்: ஏன் மாற்றிப் போட்டீர்கள்?

வாசலில் மொபெட் சத்தம் கேட்டது. புருஷன் கோதண்டபாணி. கரும்பு டிராக்டர் ஓட்டும் வேலைக்கு லீவு சொல்லிவிட்டு வெள்ளைச் சட்டையில் வந்திருந்தார்.

“கெளம்பு. பிராத ராஜினாமா பண்ணி திருப்பி வாங்கிட்டு வந்துடலாம்.”

“அது காரியம் முடிஞ்சா பண்றதுங்க. நமக்கு என்னா முடிஞ்சிது?”

“ஸ்ரீமுஷ்ணத்து மாப்ள வீட்டுக்காரங்க நேத்தும் போன் பண்ணாங்க. பொண்ணுக்கு அண்ணன் இருக்கானா இல்லியா, ஒண்ணு சொல்லுங்கன்றாங்க. நாளைக்கு ஆத்தங்கரையில தர்ப்பையில ஆளு செஞ்சு கொளுத்திடலாம்னு அய்யருகிட்ட சொல்லிட்டேன். சாமிகிட்ட கேஸ நிக்க வச்சிக்கிட்டு கொள்ளி வைக்க முடியுமா?”

“அந்தப் பதிலு மட்டும் வரட்டும்ங்க.”

அவர் கவிழ்த்த வாளியில் உட்கார்ந்தார். ராஜ்மோகன் கொடுத்த டீயை வாங்கிக் குடிக்காமல் கையிலேயே வைத்திருந்தார். அவரும் காத்திருக்கிறார் என்பது அப்போதுதான் பூங்கோதைக்கு உறைத்தது.

போன் அடித்தது. வெண்பா.

“ம்மா, பதில் வந்துருக்குது. யாரோ சிலி நாட்டுக்காரராம். ரிட்டயர்டு வாத்தியாரு. கம்ப்யூட்டர்ல ஏதோ தப்பா அமுக்கிட்டாராம். எடுத்துச் சொன்னதுக்கு நன்றின்னு எழுதியிருக்காரு. படத்தையும் சரி பண்ணிட்டாரும்மா.”

பூங்கோதை திறந்து பார்த்தாள். அதே புயல்கள், அதே நீலம். எல்லாம் வலஞ்சுழி. ஒரு தப்பும் இல்லை. போனை வைத்துவிட்டு ஒரு பொம்மையை எடுத்துத் தொட்டியில் முக்கினாள். வெளியே எடுக்காமல் அப்படியே நின்றாள். ராஜ்மோகன் வந்து அவள் மணிக்கட்டைப் பிடித்து மெல்ல மேலே தூக்கினான்.

“போலாம்ங்க,” என்றாள்.

கோயிலுக்குப் போகும் வழியில் ரயில்வே கேட் மூடியிருந்தது. நெல்லோ சிமெண்டோ, மூடிய பெட்டிகளாகக் கூட்ஸ் போய்க்கொண்டே இருந்தது. கோதண்டபாணி திரும்பாமலே கேட்டார். இத்தனை வருஷத்தில் அவர் அந்தக் கிரகத்தைப் பற்றிக் கேட்டது அதுதான் முதல் தடவை.

“அந்தப் புயலெல்லாம் எப்ப கரையக் கடக்குமாம்?”

கடலூர் ஜில்லாக்காரருக்குப் புயலிடம் கேட்க அது ஒன்றுதான் உண்டு. கடந்துவிட்டால் விழுந்த மரத்தை அறுத்து ஒதுக்கலாம். பறந்த கூரையை எடுத்து வரலாம். கரண்டு எப்போது வரும் என்று அடுத்த வீட்டில் விசாரிக்கலாம்.

“அங்க கரையே கெடையாதுங்களாம். காலு வைக்கத் தரைகூட இல்லியாம். நம்ம திலீபன் தம்பி சொல்லும்.”

அவர் தலையை ஆட்டிக்கொண்டார்.

கடைசிப் பெட்டி போய்விட்டது. கேட் உயர்ந்தது. பின்னாலிருந்து பஸ்காரன் ஹாரன் அடித்தான்.

“ஏங்க, கேட்டு தொறந்துட்டாங்க.”

அவர் கை ஆக்சிலரேட்டரில்தான் இருந்தது. முறுக்கவில்லை. இருபுறமும் ஆட்டோவும் லாரியும் கரும்பு டிராக்டரும் ஒதுங்கி, திட்டி, கடந்து போயின. நடுரோட்டில் அணைக்காத மொபெட் அவர் கால்களுக்கிடையே நடுங்கிக்கொண்டிருந்தது.