பூட்டிக்கொள்ளும் கணக்கு

அலுவலகத்தில் என் அக்கா கணவருக்குப் 'பூட்டு' என்று பெயர். தப்பான பாஸ்வேர்டை நாலைந்து முறை போட்டால் கணக்கு பூட்டிக்கொள்ளும். அவருடையது தினமும் பூட்டிக்கொண்டது. திறந்துவிடுவது சிஸ்டம் அட்மினான என் தலையெழுத்து. அவரை நிரந்தரமாக்குவதா, வீட்டுக்கு அனுப்புவதா என்று இன்று முடிவு.

"பாஸ்வேர்டையே ஞாபகம் வெச்சுக்க முடியல. இவரை நம்பி கொள்முதலை எப்படிக் கொடுக்கறது? என்னன்னு பார்த்துச் சொல்லு," என்றார் மேனேஜர்.

கறுப்புத் திரையில் அத்தானின் பெயரைப் போட்டுக் கட்டளை அடித்தேன். பெயர், பிரிவு, இன்னும் நாலு வரி. இந்தக் கட்டளை மகா கஞ்சன். கேட்டதற்கு மேல் காட்டாது. எல்லாமே வேண்டும் என்று நட்சத்திரக் குறி சேர்த்ததும் மளமளவென்று கொட்டியது. கடைசித் தப்பு முயற்சி, காலை பத்தேகால். அந்நேரம் அத்தான் மேனேஜரின் கண்ணாடி அறையில் கையைக் கட்டிக்கொண்டு திட்டு வாங்கிக்கொண்டிருந்தார். நானே பார்த்தேன். அப்பாடா, மனுஷன் தப்பித்தார் என்று இருந்தது.

அப்படியானால் யார்? சர்வர் பதிவில் தேடினேன். முயற்சி வந்தது அத்தானின் வீட்டு இன்டர்நெட் இணைப்பிலிருந்து. நான் போய் மாட்டிக்கொடுத்த இணைப்பு.

அக்காவுக்குப் போன் போட்டேன்.

"நான்தான்டா. யாருக்கு மெயில் போடறார்னு பார்க்கணும். எதைப் போட்டாலும் திறக்க மாட்டேங்குது. நீயாவது திறந்து கொடேன்."

"லூசாக்கா நீ? அவர் வேலையே போகப் போகுது."

"போகட்டும். அப்பவாவது வீட்ல இருப்பாரு."

போனை வைத்துவிட்டுத் திரும்பினால் பின்னால் மேனேஜர்.

"என்ன, அவர்தானே தப்புத் தப்பாப் போடறார்?"

உண்மையைச் சொன்னால் அத்தானுக்கு வேலை மிஞ்சும். அக்காவின் குடும்பம் இந்த அலுவலகம் முழுக்க நாறும். திரையை மூடினேன்.

"ஆமா சார்," என்றேன். என் வாயில் மண்ணைப் போட.

சாயங்காலம் அத்தான் பையோடு வந்து நின்றார்.

"உன்னால ஆனதைப் பண்ணிட்ட மாப்ளே. உங்க அக்காகிட்ட மட்டும் பக்குவமா சொல்லிடு. தாங்க மாட்டா."

"சொல்லிட்டேன் அத்தான்."

"என்ன சொன்னா?"

"உங்களை வீட்ல இருக்கச் சொன்னா."

அவருக்குக் கண் கலங்கிவிட்டது.

"பார்த்தியா," என்றார். "அவ மனசு யாருக்கு வரும்."